யூசியும் உலாவும்: ஒரு தடை, ஒரு பரிசு

யூசி பிரவுசரை 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்தது. உலா பிரவுசருக்கு 2025 மார்ச்சில் அதே அரசு ஒரு கோடி ரூபாய் முதல் பரிசு கொடுத்தது. முன்னது சீனாவில் பிறந்து அலிபாபாவின் கைக்குப் போனது. பின்னது தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் தயாரிப்பு. இத்தனை தூரத்தில் நிற்கும் இரண்டையும் நாகலாபுரம் மாதிரி ஒரு கரிசல் ஊரில் நிறுத்திப் பார்த்தால், எதிர்பாராத உறவு ஒன்று புலப்படுகிறது: அரசின் தடையால் யூசி வீழவும் இல்லை, அரசின் பரிசால் உலா உயரவும் இல்லை.

2ஜி காலத்தில் ஒரு ஜிபி டேட்டாவுக்கு 250 ரூபாய் வாக்கில் ஆகும். சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த நிலைமைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது யூசி. பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும். பாதியில் அறுந்த டவுன்லோடை விட்ட இடத்திலிருந்து தொடரும். பாட்டு 90 சதவீதம் இறங்கி அறுந்துபோனால் நெட் பேக்கில் எவ்வளவு காலியாகும் என்று அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வசதியே பெரிது. 2016 வாக்கில் இந்தியக் கைப்பேசி உலாவலில் பாதியளவு யூசி வழியே நடந்தது.

ஆனால் சுருக்கித் தருபவர் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். மிளகாய் கமிஷன் கடைக்காரரைப் போல, சரக்கு யாருடையது, எங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோகும். உலா இதற்கு நேர் எதிர்: பின்தொடர்பவர்களை மறிப்பதே அதன் முதல் வாக்குறுதி.

இங்கேதான் விசித்திரமான சமச்சீர். பயனரின் இருப்பிடம், போனின் அடையாள எண் முதலியவை யூசியிலிருந்து கசிவதாக 2015 மே மாதம் கனடாவின் சிட்டிசன் லேப் வெளியிட்டது. அதற்காகக் கூட்டம் கலையவில்லை. அதே அந்தரங்கத்தைக் காப்பதாக 2023இல் உலா வந்தது. அதற்காகக் கூட்டம் குரோமை விட்டு எழவும் இல்லை. அந்தரங்கம் மக்களுக்குப் பொருட்டல்ல என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம் என்பேன். கையில் உள்ள ரீசார்ஜ் தீர்வது கண்ணுக்குத் தெரிகிறது, தகவல் போவது தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் நஷ்டத்துக்கே மனிதர் இடம் மாறுகிறார்.

யூசியை அசைத்தது 2016 செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோ. டேட்டா மலிந்ததும் சுருக்கத்துக்கு விலையில்லாமல் போயிற்று. ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் ஏற்கெனவே குந்தியிருந்தது. தடை வந்தபோது யூசி பாதி காலியான வீடு. குரோமும் தன் டேட்டா சேமிப்பு வசதியை 2022 மார்ச்சில் கைவிட்டது; டேட்டா விலை குறைந்ததைக் கூகுளே அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

இன்னொரு ஒற்றுமை. 2017 நவம்பரில் கூகுளின் ப்ளே ஸ்டோரிலிருந்து யூசி சில நாள் நீக்கப்பட்டபோது, அது எவர் தயவில் வாழ்ந்தது என்பது தெரிந்தது. உலாவோ கூகுள் முன்னின்று வளர்த்த குரோமியத்தின் மேலேயே எழுப்பப்பட்டது. குரோமோடு போட்டியிட்ட இரண்டுக்குமே கூகுளின் தோள் தேவைப்பட்டது. உலாவுக்கு அது லாபமும்கூட: குரோமில் திறக்கும் அரசுத் தளம் அதிலும் பெரும்பாலும் சிக்கலின்றித் திறக்கும்.

ஆகவே நாகலாபுரத்தில் உலாவுக்கான உண்மையான சோதனைக்களம் இ-சேவை மையம் போன்ற இடமே. சாதிச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வரிசையில் ஆள் நிற்கும்போது, பாஸ்வேர்டுகள் எல்லாம் குரோமில் சேமித்துக் கிடக்கின்றன. அவற்றை உலாவுக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. வேலை நேரத்தில் அதைச் செய்து பார்க்க ஆபரேட்டருக்கு ஒரு காரணம் வேண்டும். யூசிக்கு அந்தக் காரணத்தை நெட் பேக்கின் விலை கொடுத்தது.