சாய்மனைக் கதிரைக்கு வார்னிஷ் அடித்தல்: ஒரு ஜிந்துப்பிட்டி மாடியிலிருந்து

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது, அப்பாவின் சாய்மனைக் கதிரை விறாந்தையில் கிடந்தது. அடுத்த வருடம் தென்மராட்சியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்தால் வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. கதிரையை மூன்று வளவு தள்ளி ஒரு கிணற்றடியில் கண்டெடுத்தோம். ஒரு கை முறிந்திருந்தது. முறிந்த கையோடேயே அப்பா கடைசிவரை அதில் சாய்ந்திருந்தார். அவருக்குப் பிறகு, ஜிந்துப்பிட்டியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்கு அம்மா வந்தபோது இரண்டு பெட்டிகளையும் இந்தக் கதிரையையும் மட்டுமே கொண்டுவந்தார்.

இப்படி ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். தையல் மெசின் பலகை, சாமியறைக் கதவு, ஒரு பெட்டகம். அதைத் திருத்தி வார்னிஷ் அடிக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதல்முறை நான் அடித்தது திட்டுத்திட்டாக வந்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை, பக்கத்து ஒழுங்கையில் பொலிஷ் வேலை செய்யும் வயதான ஒருவர் கூட நின்று காட்டித் தந்தார்.

கதிரை பழைய தேக்கு. முறிந்த கைக்குப் பதிலாகக் கொட்டாஞ்சேனைத் தச்சர் ஒருவர் பலாவில் புதுக்கை செய்து பூட்டினார். புதுப் பலா மஞ்சள், பழைய தேக்கு கடும் மண்ணிறம். ஆகவே புதுக்கைக்குச் சாயம் தேவைப்பட்டது. மண்தாளை 120, 180, 220 என்ற வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த ஒரு கீறல் வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாயம் பூசியதும் கரிக்கோடு போலத் தெரியும். 220க்கு மேல் போனால் மரம் வழுவழுப்பாகிச் சாயத்தைக் குடிக்காது.

பழைய கையின் நுனியில் அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு குழிவு விழுந்திருக்கிறது. மற்ற இடங்களில் மண்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தோம். கட்டை மேடுபள்ளத்தை எல்லாம் மட்டமாக்கிவிடும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் விரலால் மெதுவாகத் தேய்த்தோம். அதற்கு முன் டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தோம். வருடக்கணக்கான வியர்வையும் எண்ணெய்யும் இருக்கும் இடத்தில் வார்னிஷ் ஒட்டாமல் சிறு வட்டங்களாக விலகிக்கொள்ளும்.

சாயத்தின் நிறத்தை டப்பாவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே மரத்துத் துண்டொன்றில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் வார்னிஷும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். வார்னிஷ் ஏறியதும் நிறம் ஒரு படி கருமையாகும். நான் முதல்முறை பிழைவிட்ட இடமும் இந்தச் சாயம்தான். எண்ணெய்ச் சாயம் தொட்டால் ஒட்டவில்லை என்று அன்று பின்னேரமே வார்னிஷ் அடித்தேன். சாயத்தைக் கரைக்கும் அதே திரவம்தான் வார்னிஷிலும் இருக்கிறது. பிரஷ் முன்னும் பின்னும் போகப் போகச் சாயம் கரைந்து இழுபட்டது. துறைமுகக் காற்றடிக்கும் கொழும்பு 13இல் எதுவும் கெதியாகக் காயாது. ஒரு முழு நாளாவது விட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் இன்னும் காயவில்லை.

அவசரமென்றால் இடையில் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு மெல்லிய பூச்சுக் கொடுக்கலாம். ஸ்பிரிட் எண்ணெய்ச் சாயத்தைக் கரைக்காது. சாயமே ஸ்பிரிட் சாயம் என்றால் இந்த வழி சரிவராது. பாரதத்தில் மாளிகை கட்டி எரித்தது இந்த அரக்கில்தான் என்றார் பெரியவர். பழைய இசைத்தட்டுகள் செய்ததும் இதில்தான் என்று நான் சொன்னேன், அவர் நம்பவில்லை.

பழைய சோனகத் தெருவுக்கு நடந்து போனால் எல்லாம் வாங்கலாம். பிரஷில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், மயிர் கொட்டும் மலிவு பிரஷ் வேலையைக் கெடுக்கும். எண்ணெய் வார்னிஷுக்கு இயற்கை மயிர், தண்ணீர் வார்னிஷுக்கு நைலோன். டப்பாவைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் வரும் குமிழிகள் அப்படியே கதிரையில் போய்க் காயும். குச்சியால் அடிவரை மெதுவாகக் கிளறி, பழைய நைலோன் காலுறையில் வடித்து, வேறு பாத்திரத்தில் கொஞ்சமாக ஊற்றி எடுங்கள்.

முதல் பூச்சு நீர்த்திருக்க வேண்டும். மூன்று பங்கு வார்னிஷுக்கு ஒரு பங்கு டர்பன்டைன் கலந்தோம். பிரஷ் மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைய வேண்டும். பாத்திரத்தின் விளிம்பில் வழிக்காமல், உட்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். பலகையின் ஓரத்திலிருந்து தொடங்கினால் வழியும். கொஞ்சம் உள்ளே வைத்து வெளியே இழுங்கள். காயாத பகுதியை நோக்கியே அடுத்த இழுப்பு போக வேண்டும். கடைசியில் பிரஷை ஏறக்குறைய நிமிர்த்தி, நுனிமயிர் மட்டும் படும்படி ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

கையை எடுப்பதுதான் கஷ்டம். ஒரு குமிழி தெரியும், ஒரு கோடு தெரியும், திரும்பத் தொடக் கை உன்னும். இறுகத் தொடங்கிய வார்னிஷைத் தொட்டால் பிரஷ் தடம் நிரந்தரமாகிவிடும். விட்டால் அது தானாகவே ஓடி மட்டமாகும். மிஞ்சுகிற பிழை அடுத்த மண்தாளோடு போய்விடும். நான் திரும்பப் போகிறேன் என்று கண்டால் பெரியவர் பிரஷை வாங்கிவிடுவார்.

மழை நாளில் அடிக்க வேண்டாம். லொறிகள் ஓடும் வீதியென்றால் தூசிதான் பெரிய எதிரி. முதல்நாளே கூட்டி, அடிப்பதற்கு முன் நிலத்தில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்துங்கள். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் விட்ட இடமும் வழிந்த இடமும் தெரியும்.

ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 320 மண்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் தூள் பறந்தால் காய்ந்துவிட்டது, தாளில் பிசின்போல் உருண்டால் இன்னொரு நாள் விடுங்கள். முதல் பூச்சுக்குப் பிறகு விளிம்புகளை அநேகமாகத் தொடவே வேண்டாம். அங்கே வார்னிஷ் மெல்லியது, ஒரு தேய்ப்பில் சாயம்வரை போய் மரம் வெளுத்துவிடும். நாங்கள் நான்கு பூச்சு அடித்தோம். மினுக்கம் வேண்டாம் என்றால் கீழ்ப்பூச்சுகளைப் பளபளப்பு வார்னிஷிலும் கடைசியை மட்டும் மட் வார்னிஷிலும் அடியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பற்றும். ஒரே கூரையின் கீழ் நான்கைந்து குடும்பங்கள் மண்ணெண்ணெய் அடுப்போடு இருக்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப் போடுங்கள். மற்றது, பெயின்ட் அடித்த பழைய கதவென்றால் உலரத் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் பிள்ளைகளுக்கு விஷம். நனைத்துத் தேய்த்து, துடைத்த துணியை அகற்றிவிடுங்கள்.

அடுத்த நாளே தொட்டுப் பார்க்கலாம், ஆனால் உள்ளே முழுதாக இறுக ஒரு மாதம் வேண்டும். அதுவரை துணி போட்டு மூடக்கூடாது, பாரம் வைக்கக்கூடாது. அம்மா பின்னேரங்களில் குனிந்து மணந்து பார்க்கிறார். இன்னும் வார்னிஷ் மணம் போகவில்லை. போனதும் பிரம்பு பின்னுபவரைக் கூப்பிடலாம்.