பி.எச்.பி. வளர்ந்த வரலாறு

இணையத்தின் தொடக்க நாளில் வலைப்பக்கம் என்பது எழுதி மாட்டிய அறிவிப்புப் பலகையை ஒத்ததே. வந்தவர் படிக்கலாம், வினவினால் அது விடை கூறாது. விடை கூற வேண்டுமாயின் சி, பெர்ல் முதலிய மொழிகளில் தனி நிரல் எழுதி, பக்கம் முழுவதையும் அந்நிரலே வரிவரியாக ஆக்கித் தருமாறு செய்தல் வேண்டும். ஒரு சொல்லை மாற்றவும் நிரலைத் திருத்த நேர்ந்தது.

கிரீன்லாந்தில் பிறந்து, டென்மார்க்கிலும் கனடாவிலும் வளர்ந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994ஆம் ஆண்டில் சில சிறு நிரல்களை எழுதினார். அவர்தம் நோக்கம் பெரிதன்று. வலையில் இட்டிருந்த தம் தன்விவரக் குறிப்பை எவரெவர் பார்க்கின்றனர் என அறிய விரும்பினார், அவ்வளவே. 1995 சூனில் அவற்றை மூலநிரலோடு பொதுவில் வழங்கினார். 'சொந்த முகப்புப் பக்கக் கருவிகள்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரே பி.எச்.பி. எனச் சுருங்கிற்று. பக்கத்தின் நடுவிலேயே கட்டளையைப் பொதிந்து வைக்கலாம் என்னும் எளிமை பலரையும் ஈர்த்தது.

1997இல் இசுரேலின் டெக்னியான் கல்விக்கூட மாணவராகிய ஸேவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் இருவரும், தம் பணிக்கு அது போதாமை கண்டு, அதன் அடிப்படையைப் புதிதாக எழுதினர். அவ்வுழைப்பே 1998 சூனில் மூன்றாம் பதிப்பாயிற்று. 2000 மே திங்களில் வந்த நான்காம் பதிப்பின் உட்பொறி 'ஸெண்ட்' எனப்பட்டது. ஸேவின் தலையும் ஆண்டியின் இடையும் கூடிய விந்தைப் புணர்ச்சி அது!

எனினும், ஒருவர் தேவைக்கெனப் பிறந்த கருவியில் பிறவிக் குறையொன்று தங்கிற்று. எழுதிய சொல்லை அது எழுத்து வரிசையாகக் கருதாமல், பைட் என்னும் சேமிப்பலகுகளின் வரிசையாகவே கருதியது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். ஆதலின் கணக்குப் பிழைபடவில்லை. 'தமிழ்' என்னும் சொல்லை யூடிஎஃப்-8 முறையில் எழுதி நீளம் கேட்டாலோ 15 என விடை வரும். ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். குறியொன்றுக்கு மூன்று பைட். முதலாம் ஆண்டு மாணவனும் மூன்றெழுத்து என்பான். நீண்ட தலைப்பைப் பைட் கணக்கில் நறுக்கினால், எழுத்து இடையில் முறிந்து சிதைந்த குறியாய் நிற்கும்.

இக்குறை களைய ஆறாம் பதிப்பைத் திட்டமிட்டனர். எழுத்துகள் அனைத்தையும் உள்ளே யூடிஎஃப்-16 முறைக்கு மாற்றும் பணி நீண்டுகொண்டே போக, 2010இல் அதனைக் கைவிட்டனர். வெளிவராத அப்பதிப்பைக் கற்பிக்கும் நூல்களோ அதற்குள் அச்சேறியிருந்தன! 2015 திசம்பரில் வந்த பெரும் பதிப்பு, ஆறைத் தாண்டி ஏழு என எண்ணப்பட்டது.

2009இல் வந்த 5.3ஆம் பதிப்போடு சேர்ந்த பன்மொழி நீட்சியில், கண்ணுக்குப் புலனாகும் எழுத்தை எண்ணும் தனிக் கட்டளை உண்டு. அதனிடம் கேட்டால் 3 என்னும். பழைய கட்டளை இன்றும் 15 என்றே கூறும்.