முதல் காட்சி எங்கே தொடங்குகிறது?

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) குண்டுவெடிப்பில் தடம்புரண்ட ஒரு ரயிலோடு தொடங்குகிறது. வேல்ராஜின் கேமரா பல நிமிடங்கள் வெட்டே இல்லாமல் சிதைந்த பெட்டிகளுக்கிடையே ஊர்ந்து போகிறது. சட்டகத்துக்கு வெளியிலிருந்து அலறல் வருகிறது. அடுத்த பெட்டியில் என்ன கிடக்குமோ என்று மனசு முந்திக்கொண்டு ஓடுகிறது. வெட்டு விழுந்திருந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும். அதைத் தர மறுப்பதில்தான் பதற்றம் உருவாகிறது.

ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) இதற்குத் தலைகீழ். கார் டிக்கியில் குண்டு வைப்பதை முதலிலேயே காட்டிவிட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில் நம்மைக் காக்க வைக்கிறார் வெல்ஸ். அங்கே கேள்வி, 'எப்ப வெடிக்கும்?' வெற்றிமாறனிடம் குண்டு ஏற்கெனவே வெடித்துவிட்டது. மிஞ்சுகிற கேள்வி, 'யார் வச்சது?' இது போலீசின் கேள்வி. அதற்கப்புறம் மலைக்குள் போகிற பார்வையாளர், தன்னை அறியாமலே காக்கிச்சட்டையின் கண்ணோடு போகிறார்.

வெட்டாத ஷாட் எதார்த்தத்துக்கு நெருக்கமானது என்றொரு நம்பிக்கை ஆந்த்ரே பஸேனிலிருந்து தொடர்கிறது. ஆனால் எந்த நீண்ட ஷாட்டிலும் இரண்டு வெட்டுகள் மறைந்திருக்கின்றன: அது தொடங்கும் இடம், முடியும் இடம். வரலாற்றுக் கதையாடலுக்கும் இதே கதிதான்.

ஜவ்வாது, ஏலகிரி மலைகளின் அடிவாரத்துத் திருப்பத்தூரை எடுத்துக்கொள்வோம். 1980 ஆகஸ்ட் 6 அன்று, கைதான நக்சல்பாரிகளைக் கொண்டுசென்ற காரில் குண்டு வெடித்தது. ஆய்வாளர் பழனிச்சாமியும் உடனிருந்த காவலர்களும் இறந்தார்கள். அவருடைய மகளின் பெயரால் 'ஆபரேஷன் அஜந்தா' என்ற வேட்டை வால்டர் தேவாரம் தலைமையில் வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் நடந்தது. 'மோதல்' சாவுகள் தொடர்ந்தன. திருப்பத்தூரில் நினைவுத்தூண் நிற்கிறது. ஆகஸ்ட் 6இல் போலீஸ் அஞ்சலி செலுத்துகிறது. செத்த காவலர்களின் குடும்பத்துத் துயரம் பொய்யில்லை. ஆனால் அந்தத் தூண் சொல்லும் கதைக்கு முதல் காட்சி அந்தக் காரேதான். கந்துவட்டி, இரட்டைக் குவளை, கூலிச் சண்டை எல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன.

'விடுதலை' இந்தச் சிக்கலை உணர்ந்த படம் என்பதையும் சொல்ல வேண்டும். முகாமில் மலைப்பெண்கள் நிர்வாணமாக்கப்படும் காட்சி, ரயில் காட்சி தந்த நியாயத்தை உடைக்கிறது. அதைப் பார்க்கிறவருக்கு வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்காது. 1992 ஜூனில் அங்கேயும் அரசின் கதை 'சந்தனக்கட்டை தேடல்' என்றுதான் தொடங்கியது. 269 அரசு ஊழியர்கள்மீது குற்றம்சாட்டப்பட்ட அந்த வழக்கில், விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. 'விடுதலை'யும் பெருமாள் வாத்தியாரின் பூர்வகதைக்குள் முழுதாக நுழைய இரண்டாம் பாகம் (2024) வரை போக வேண்டியிருந்தது. குண்டுக்கு முந்தைய கதையைச் சொல்ல இன்னொரு முழுப்படமே தேவைப்படுகிறது!

சினிமா இரண்டாம் பாகம் எடுத்துக்கொள்ளும். ஜவ்வாது அடிவாரத்து ஊர்களுக்கு யார் எடுப்பது? 1980இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் 6க்கு முந்தின நாட்களைப் பற்றி அவர்களிடம்தான் கேட்டாக வேண்டும், அதுவும் சீக்கிரம்.