சம்பூர்ப் பிள்ளையும் இணையவழி விரிவுரையும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்த ஊர் சம்பூர். குடாவின் மறுபுறம் திருகோணமலை நகரம். கடல்வழியே அண்மை, தரைவழியே சேய்மை. குடாவைச் சுற்றி, ஆற்று முகங்களையும் களப்புகளையும் தாண்டியே நகரை அடைதல் வேண்டும். 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகத் துறையிற் காத்து நின்ற தலைமுறைகளை மூதூர்ப் பகுதி நன்கறியும்.

உயர்கல்விக்கு இணையம் வந்தபோது, இத்தகைய தூரங்கள் இனி இல்லை என்று சொல்லப்பட்டது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கு ஒரு குறிப்பிட்ட கிராமத்துப் பிள்ளையை எந்த ஆண்டில், எந்த நிலையிற் சென்றடைந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலிற் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். இலங்கைப் பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சல் ஓடத் தொடங்கியது 1990ஆம் ஆண்டளவில். இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, அதாவது ‘லேர்ன்’, இம்முயற்சியில் வளர்ந்ததே. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பு, மொறட்டுவ, திறந்த பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் வலையமைப்பால் இணைக்கப்பட்டன. மூன்றும் மேல் மாகாணத்தில் என்பதைக் கவனிக்க. 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டம் தொடங்கியது. 2005 முதல் ‘நெனசல’ என்ற பெயரில் கிராமியக் கணினி நிலையங்கள் தோன்றின. 2009ஆம் ஆண்டை ‘ஆங்கில, தகவல் தொழில்நுட்ப ஆண்டு’ என அரசாங்கம் பிரகடனம் செய்தது.

அந்த 2009இல் சம்பூர்ப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? கிளிவெட்டி முதலான இடங்களில், நலன்புரி முகாம்களின் தகரக் கொட்டில்களில்.

2006 ஏப்ரல் 25ஆம் நாள் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. உடனே மூதூர் கிழக்கின் மீது வான்வழியும் கடல்வழியும் குண்டுகள் விழுந்தன. சனங்கள் ஓடினர். அவ்வாண்டு செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமாயிற்று. ஓடியவர்களிற் பலர் வாகரை, மட்டக்களப்பு என அலைந்து, 2007இல் மீண்டும் திருகோணமலை மாவட்டத்து முகாம்களுக்குக் கொணரப்பட்டனர். அவ்வாண்டு மே மாத இறுதியில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் அவர்களது ஊரை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. பின்னர் இந்திய அரசின் தேசிய அனல்மின் கழகத்துடன் கூட்டாக 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமையுமென்றார்கள். முதலீட்டுச் சபையின் பெயரில் 818 ஏக்கர் சென்றது. மகா வித்தியாலயம் கடற்படை முகாமுக்குள் அகப்பட்டது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2006 சனவரியில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, அந்த ஏப்ரலிலேயே பாடசாலையை இழந்தது. 818 ஏக்கர் 2015இல் விடுவிக்கப்பட்டது. முகாம் நிலமும் பாடசாலையும் 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டன. அப்போது அப்பிள்ளை பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையின் வாயிலில். அதாவது, ஒருவருடைய பள்ளிப்பருவம் ஏறத்தாழ முழுவதும். அதே பத்தாண்டிலேதான் நாட்டின் ஏனைய பாடசாலைகளுக்குக் கணினி அறைகளும் தொழில்நுட்பப் பிரிவும் வந்து சேர்ந்தன.

(2016 மே மாதம் அப்பாடசாலையில் நடந்த விழாவொன்று நாடெங்கும் பேசப்பட்டது. முதலமைச்சர் கடற்படை அதிகாரி ஒருவரை மேடையில் ஏசியதே காரணம். பத்திரிகைகள் வாரக்கணக்கில் அதை எழுதின. பாடசாலைக்கு என்ன தேவை என்று எழுதியவர் சிலரே. இத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு வியப்பில்லை; வருத்தம் உண்டு.)

அப்பிள்ளை தடங்கலின்றிப் படித்திருந்தால் 2019 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை. பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. மாவட்ட ஒதுக்கீடும் மேலதிக ஒதுக்கீடும் கைகொடுத்திருக்கக்கூடும். ஆனால் வளாகத்தின் வாயிலை எட்டும் வேளை பெருந்தொற்றுக் காலமாயிற்று. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. நிலாவெளியை அண்டிய கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகமும் ஏனையவை போல இணையத்துக்கு மாறியது.

இங்கே ஒரு நன்மையை மனமுவந்து சொல்லவேண்டும். லேர்ன் வலையமைப்பு ‘சூம்’ வசதியைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழக வழங்கிகளுக்கான தரவுக் கட்டணத்தை மாணவரிடம் அறவிடாது விட்டன. வறிய நாடொன்றில் இது சிறு காரியமன்று. முப்பதாண்டு பொறுமையாகக் கட்டிய வலையமைப்பு இல்லாவிடின் இது நடந்திருக்காது. எனினும் கட்டணமில்லாத தரவுக்கும் அலைவரிசைக் கோபுரம் வேண்டும். கையில் நல்ல தொலைபேசி வேண்டும். வீட்டில் ஒரே தொலைபேசி, அதிலேயே தம்பியின் வகுப்பும் அக்காவின் விரிவுரையும் என்ற நிலை கிழக்கின் கிராமங்கள் பலவற்றில் இருந்தது.

நேரலை விரிவுரையினும் பதிவு செய்த விரிவுரையும் குறிப்புகளுமே இத்தகைய மாணவருக்கு உகந்தவை என்பது என் துணிபு. 2002இல் அவுஸ்திரேலியாவில் பிறந்த ‘மூடில்’ எனும் கட்டற்ற மென்பொருளையே நம் பல்கலைக்கழகங்கள் பெரிதும் கையாளுகின்றன. அதிலிருந்து, சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் நின்று கோப்பை இறக்கிக்கொண்டு, வீட்டில் இருந்து படிக்கலாம். தமிழில் உயர்தரம் கற்றுவிட்டு ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கேட்க வேண்டியவர்க்கு, ஒரு வாக்கியத்தை மூன்று முறை திருப்பிக் கேட்கும் வாய்ப்பு வகுப்பறையிற் கிட்டாதது. கணினித் தமிழ் வேறு தொல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்புகள் அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தெரியும். பத்திரிகைக் கந்தோர்களும் அந்தப் பாமினியை இலகுவில் விட்டபாடில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் போன்ற தன்னார்வ முயற்சி இல்லாவிடின் ஈழத்து நூல்களைத் தேடும் மாணவர் நிலை என்னாகும்?

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. எந்த மின்சாரத்தின் பெயரால் சம்பூர் வெளியேற்றப்பட்ட நிலையில் வைக்கப்பட்டதோ, அந்த நிலக்கரி நிலையம் 2016 செப்டெம்பரிலேயே கைவிடப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலிருந்து, இந்தியப் பிரதமரும் இலங்கை சனாதிபதியும் சம்பூர்ச் சூரிய மின்நிலையப் பணியை இணையவழியே தொடக்கி வைத்தனர். திறன் 120 மெகாவாற்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது இருபத்தைந்து.