மனு பார்க்கப் போகிறவர்கள்: சிறை சென்ற பெற்றோர், வெளியே நின்ற பிள்ளைகள்



காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற பேருந்தில் ஏறியிருப்பீர்கள். கவரப்பேட்டை, காரனோடை, செங்குன்றம் தாண்டினால் புழல். அங்கே இறங்குகிறவர்களில் சிலர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் ஆதார் நகல், மாற்றுத் துணி, பிஸ்கட் பொட்டலம். ‘எங்க போறீங்க?’ என்று கேட்டால் ‘மனு பாக்க’ என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர். பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் பெரும்பாலும் பெண். கூடவே ஒரு சிறுமி இருப்பாள். அவள் இடுப்பில் தம்பி இருப்பான். இன்றைய என் பேச்சு அந்தச் சிறுமியைப் பற்றியது.

வரலாற்றைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஒரு சினிமாவிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 பொங்கலுக்கு ‘மகாநதி’ வெளிவந்தது. இயக்கம் சந்தானபாரதி, கதை கமல்ஹாசன். வசனத்தில் ரா.கி. ரங்கராஜனும் பங்கெடுத்தார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வசதியாக வாழ்ந்த கிருஷ்ணசாமி மனைவியை இழந்தவர். சென்னைக்கு வந்து, சீட்டு நிறுவனத்தில் கூட்டுச் சேர்ந்து, ஏமாற்றப்பட்டு, சென்னை மத்தியச் சிறைக்குப் போகிறார். மகள் காவேரி, மகன் பரணி, வயதான மாமியார் மூவரும் வெளியே நிற்கிறார்கள். பாட்டி படுத்த படுக்கையான பிறகு வீடு சிதறுகிறது. அப்பா வெளியே வந்து தேடும்போது மகன் தெருவில் வித்தை காட்டும் கழைக்கூத்தாடிகளோடு இருக்கிறான். மகள் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் இருக்கிறாள்.

இந்தப் படத்தை என் பெரியம்மாவோடு பொன்னேரியில் பார்த்தேன். கொட்டகையில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். பெரியம்மா அழவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார்: “அவரு உள்ள இருந்தாரு, சரி. அத்தினி நாளு அந்தப் பசங்களுக்குச் சோறு போட்டது யாரு? அத காட்டவே இல்லியே!”

அப்போது எனக்குக் கோபம் வந்தது. நல்ல படத்தைப் பார்த்துவிட்டு இப்படியா கேட்பார்கள் என்று நினைத்தேன். பெரியம்மா அனுபவத்திலிருந்துதான் கேட்டார் என்பது பிறகு புரிந்தது. கூலித் தகராறில் போடப்பட்ட வழக்கு ஒன்றில் பெரியப்பா எட்டு மாதம் விசாரணைக் கைதியாக இருந்தவர். அந்த வழக்கு கடைசியில் நிற்கவில்லை.

படத்தை மறுபடி பார்த்தேன், பலமுறை பார்த்தேன். பெரியம்மா சொன்னது சரி. சிறைக்குள் கிருஷ்ணசாமி படும் பாட்டை விரிவாகப் பார்க்கிறோம். அவருக்கு உடன் இருக்கும் பஞ்சாபகேசனின் துணை கிடைக்கிறது, அவர் மகள் யமுனாவின் அன்பு கிடைக்கிறது. வெளியே அக்காவும் தம்பியும் பிரிந்து அலைந்த காலம் அப்பா தேடிக் கண்டுபிடிக்கும் செய்தியாகவே நமக்கு வருகிறது. மீட்கப்பட்ட காவேரி தூக்கத்தில் வாடிக்கையாளர்களிடம் பேரம் பேசி உளறும் காட்சியை யாரும் மறக்க முடியாது. படம் காவேரியின் அனுபவத்துக்கு மிக அருகில் வரும் இடம் அது. அங்கேயும் அவள் விழித்திருந்து பேசவில்லை. கேட்டு உடைந்துபோகும் அப்பாவின் முகம்தான் நம் மனதில் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். நிலமுள்ள, மதிப்புள்ள ஒரு மனிதனுக்குச் சிறை என்பது விபத்து. நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்ற அதிர்ச்சிதான் படத்தை நடத்திச் செல்கிறது. சிறை யாருக்கெல்லாம் விபத்தாக இல்லாமல் சட்டத்தின் ஏற்பாடாகவே இருந்தது என்று கேட்டால், பரணியை நாம் கண்ட அதே தெருவுக்குத்தான் போக வேண்டும்.

ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் கூட்டங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911ஆம் ஆண்டின் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. கைரேகை, தினசரி ஆஜர், குடியிருப்பில் அடைத்தல் ஆகியவற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளைப் பற்றிய பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1897ஆம் ஆண்டுத் திருத்தம் 4 வயது முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க இடம் கொடுத்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயதுக்கு மேல் 18க்குள் இருக்கும் பிள்ளைகளைப் பிரித்துத் தொழிற்பள்ளிகளில் சேர்க்க அதிகாரம் தந்தது. அப்பாவோ அம்மாவோ ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதை அதிகாரிகள் சீர்திருத்தம் என்றார்கள். 6 வயது ஆனவன் போய்விடுவான், 4 வயதுத் தங்கை குடிசையில் இருப்பாள். உடன்பிறந்தவர்களுக்கு நடுவே வயதை வைத்துக் கோடு போடுவது அன்றே தொடங்கிவிட்டது. தென்னாற்காட்டின் அஜீஸ் நகர் போன்ற குடியிருப்புகளின் பெயர்கள் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. அங்கிருந்து பிரிக்கப்பட்ட அண்ணன் தங்கைகளின் கதையை நம் இலக்கியம் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

நாடு முழுவதும் இந்தச் சட்டம் நீங்கிய நாள் 1952 ஆகஸ்ட் 31. சென்னை மாகாணம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நீக்கியிருந்தது. ஆனால் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறியது, காவல் நிலையப் பட்டியலில் இருந்த குடும்பங்கள் மாறவில்லை.

அதே 1952இல், தீபாவளிக்கு, ‘பராசக்தி’ வந்தது. போரில் சிதறிய மூன்று அண்ணன்களும் ஒரு தங்கையும் கடைசியில் நீதிமன்றத்தில் சேர்கிறார்கள். தங்கை கல்யாணி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள், ஓர் அண்ணன் நீதிபதி நாற்காலியில் இருக்கிறார். தமிழ் சினிமாவின் மிகப் புகழ்பெற்ற நீதிமன்றக் காட்சி அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பசியும் ஆதரவின்மையும் ஒரு பெண்ணை எங்கே தள்ளுகின்றன என்று அந்தப் படம் அரசையும் மதத்தையும் நோக்கிக் கேட்டது. ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் கூண்டிலும் நாற்காலியிலும் இருக்க முடிவதை நினைத்துப் பாருங்கள். அண்ணன் ஒருவர் நாற்காலிவரை போயிருக்கிற குடும்பத்துக்குத்தான் அப்படி ஒரு காட்சி வாய்க்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய குடும்பங்களில் நீதிபதி அண்ணன் யாரும் இல்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1837 முதல் இருந்த பழைய மத்தியச் சிறை 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டது. அப்போது புழல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. பழைய கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது. ‘மகாநதி’யின் சிறை இப்போது தரைமட்டம். சிறை இடம் மாறிய அதே 2006இல், ஏப்ரல் 13 அன்று, ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறையில் இருக்கும் தாயோடு பிள்ளை 6 வயது வரை இருக்கலாம், அவர்களுக்குத் தனி உணவு, மருத்துவம், காப்பகம் வேண்டும் என்பது அதன் உத்தரவு. நல்ல தீர்ப்புதான்.  ஆனாலும் அந்த 6 வயதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1911 நினைவுக்கு வருகிறது. இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஒன்று பிரிப்பதற்காகப் போட்ட கோடு, மற்றது பாதுகாப்பதற்காகப் போட்ட கோடு. 3 வயதுத் தம்பியை உள்ளே விட்டுவிட்டு வெளியே நிற்கும் 8 வயதுப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வெளியே எத்தனை அக்காக்கள், அண்ணன்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த அறிக்கையில் பத்தி கிடையாது.

அதே அறிக்கையில் நாடு முழுவதும் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், நான்கில் மூன்று பேர். குற்றம் உறுதியாகாதவர்கள். ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கிடைக்காதவர்கள் அதில் எவ்வளவு பேர் என்பதைச் சேரிகளில் வேலை செய்யும் வழக்கறிஞர் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உள்ளே போன பிறகும் சாதி கூடவே போனது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததைச் சென்னை உயர் நீதிமன்றமே 2014இல் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும் அடைப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. வழக்கக் குற்றவாளி என்ற சொல்லைச் சாதியோடு கட்டக்கூடாது என்றும் சொன்னது. 1871க்கும் இதற்கும் நடுவே 153 ஆண்டுகள்.

சுவர் இல்லாத சிறையும் நம் மாவட்டத்தில் உண்டு. செங்குன்றம் வட்டாரத்து அரிசி ஆலைகளிலும், செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்காக அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்களை உங்களில் பலர் நேரில் சந்தித்திருக்கிறீர்கள். நெல்லை அவித்து, களத்தில் கொட்டி, நடு இரவில் எழுந்து கிளறிவிட வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் அதே களத்தில். இங்கே பெற்றோர் உள்ளே, பிள்ளைகள் வெளியே என்ற பிரிவு கிடையாது, எல்லோருமே உள்ளே. ஒரு சாவுக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டுமென்றால் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும். வாய்விட்டு யாரும் பிணை என்று சொல்ல மாட்டார்கள். ‘பெரியவ இருக்கட்டும்’ என்பார்கள். அந்தப் பெரியவளை நினைத்துத்தான் அப்பா திரும்பி வருவார்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாக அதில் உள்ளது. கடன் அன்றே செத்துவிட்டது. ஆனால் கடன் செத்த செய்தி களத்துக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடிய வழக்குகளில் 3 லட்சம் என்றது. பெரும்பகுதிப் பணம் முதலாளி தண்டிக்கப்படுவதோடு கட்டப்பட்டிருந்தது. வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும் என்று இந்த அரங்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விடுதலைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரையில் செருகி வைத்துவிட்டு, மறுபடி அட்வான்ஸ் வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி முகாமில் 1990 முதல் வாழும் ஈழ அகதிக் குடும்பங்களுக்கு வேறொரு சொல் தெரியும்: சிறப்பு முகாம். ஜாமீனில் வெளியே வந்தவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் அடைத்து வைக்கும் இடம் அது. அதைத் தனியாகப் பேச வேண்டும். இன்று நேரமில்லை.

அண்மைக் காலத்துச் சினிமாவுக்கு வருகிறேன். 2016இல் பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ ஒரு புதிய அப்பாவைக் காட்டியது. 25 ஆண்டு மலேசியச் சிறையிலிருந்து வெளியே வருகிறவர், கையில் ஒய்.பி. சத்தியநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலையா’. தெலங்கானாவின் ஒரு தலித் குடும்பத்து மூன்று தலைமுறை வரலாறு அது. தந்தையைப் பற்றி மகன் எழுதிய புத்தகத்தைச் சிறையில் ஒரு தந்தை வாசிப்பது எளிய விஷயமில்லை. கொட்டகையில் விசில் அடித்த நம் பையன்கள் எத்தனை பேர் பிறகு அந்தப் புத்தகத்தைத் தேடினார்கள்! 2019இல் வந்த ‘கைதி’யில் மகள் ஆதரவற்றோர் இல்லத்தில் காத்திருக்கிறாள். அவள் காத்திருந்த ஆண்டுகள் அங்கேயும் கதைக்கு வெளியேதான். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ 1993ஆம் ஆண்டு ராஜாக்கண்ணு வழக்கை எடுத்துக்கொண்டது. உண்மையில் குறவர் குடும்பத்துக்கு நடந்தது, படத்தில் இருளர் குடும்பத்துக்கு நடக்கிறது. இந்த மாற்றம் பற்றி நியாயமான விமர்சனம் வந்தது, அதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் அப்பா திரும்பி வரவே இல்லை. செங்கேணியும் சிறுமி அல்லியும்தான் கதையைக் கொண்டுபோகிறார்கள். பெரியம்மா இருந்திருந்தால் அந்தப் படத்தில் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வழக்கு எண்ணும் தீர்ப்பு நகலும் எப்படியாவது கிடைத்துவிடும். அப்பா உள்ளே இருந்த மாதங்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் பள்ளியை விட்டார்கள், மனு பார்க்கப் போக யார் கடன் கொடுத்தார்கள் என்பது எந்தக் கோப்பிலும் கிடைக்காது. ஒலிப்பதிவுக் கருவி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. உங்கள் தெருவில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர்களிடம் போய் உட்காருங்கள். முதல் நாள் பேச மாட்டார்கள்.

நான் என் பெரியம்மாவின் மூத்த மகளிடம் போனேன். மூன்றாம் முறைதான் பேசினார். பெரியப்பா உள்ளே போனபோது அவர் ஏழாம் வகுப்பு. அம்மா களையெடுக்கப் போனதால் தம்பிகள் இருவரும் அவர் பொறுப்பு. பள்ளிக்குப் போவது நின்றது, பிறகு போகவே இல்லை. ரயிலில் சென்ட்ரலுக்குப் போய் மனு பார்த்தது பதினொரு முறை என்று கணக்குச் சொன்னார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவதால் அப்பா சொன்னது ஒன்றுகூடக் கேட்கவில்லையாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாராம்.

பெரியப்பா வெளியே வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “வாசல்ல நின்னு சின்னவன ‘வாடா’ன்னு கூப்புட்டாரு. அவன் போவல. என் பாவாடயப் புடிச்சிக்கினு எம் பின்னால ஒளிஞ்சிக்கினான்” என்றார்.