ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை டன் குப்பை?

ஆம்பூர் பக்கம் ஆட்டுக்கு ரெண்டு கணக்கு உண்டு. தோல் ஷாப்புக்காரர் தோலைப் பார்ப்பார். கழனிக்காரன் புழுக்கையைப் பார்ப்பான். தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்க ஆள் உண்டு. குப்பையை மட்டும் வண்டிக் கணக்கில்தான் வாங்கினோம். கறுத்திருக்கா, வாடை போயிருக்கா, கையில் பிடிச்சா உதிருதா? இதுதான் எங்க தாத்தா காலத்துப் பரிசோதனை.

குப்பையை ரசாயனக் கண்ணோடு பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், இங்கிலாந்து ராயல் வேளாண் சங்கத்தின் வேதியியலாளர். 1889-ல் இந்தியா வந்து பல மாகாணங்களைச் சுற்றினார்; 1893-ல் அவர் அறிக்கை வெளியானது. நம்ம விவசாயியை மட்டம் தட்ட வந்தவர்னு நினைச்சுடாதீங்க, திறமைசாலின்னுதான் எழுதினார். அவர் கவலை வரட்டி. நிலத்துக்குப் போக வேண்டிய தழைச்சத்து அடுப்பில் புகையாகுதே! அதுக்கு அவர் சொன்ன வழி, விறகுக்கு மரம் வளர்ப்பது.

இன்னிக்கு கோவை வேளாண் பல்கலைக்கழகம் தரும் சராசரி இது: தொழு உரத்தில் தழைச்சத்து 0.5, மணிச்சத்து 0.2, சாம்பல் சத்து 0.5 சதவீதம். ஆட்டு எருவில் 3, 1, 2. ஒரு டன் தொழு உரத்தில் தழைச்சத்து 5 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ. கணக்குப்படி 4 டன் குப்பை, ஒரு மூட்டை யூரியா! அதுவும் முதல் பயிருக்கு மூணில் ஒரு பங்குதான் கிடைக்கும்; மிச்சம் மெதுவா வரும். இந்தக் கணக்கில்தான் பல வீட்டில் குப்பைமேடு காணாமப் போச்சு.

ஆனா சராசரி ஏமாத்தும். ஒரு மழைக்காலத்தில் என் குப்பைமேட்டிலிருந்து கறுப்புத் தண்ணி வாய்க்காலில் வடிஞ்சு போறதைப் பார்த்தேன். போனது சத்து, நின்னது சக்கை. வெயிலில் கிடந்தா தழைச்சத்து காத்தோட போகும். கோமியம் தொழுவ மண்ணில் இறங்கினா அதுவும் போச்சு. கழனியில் கிடை போட்ட பெரியவங்க இதை எழுதி வைக்கலை, செஞ்சு காட்டினாங்க: புழுக்கையும் மூத்திரமும் நேரா மண்ணுக்கே.

பாலாற்றங்கரையில் தோல் கழிவால் உப்பேறிய நிலங்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. அப்படிப்பட்ட மண்ணைப் பொலபொலப்பாக்கும் வேலையை யூரியா செய்யாது, குப்பை செய்யும். அந்த மதிப்பு சதவீதப் பட்டியலில் வராது.

மாடித் தோட்டத்துக்கு எரு வாங்குறவங்க ஒண்ணு கேளுங்க: ஈரமா, காய்ஞ்சதா? ஈர எருன்னா பாதிக் காசு தண்ணிக்குத்தான்.