எதிரே வருகிறவன் கண்

சென்ற மாதம் ஒரு ராத்திரி, கிராமத்துச் சாலையில் எதிரே வந்த கார் விளக்கு என் கண்ணைப் பறித்துவிட்டது. வண்டி ஒரு புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில், “எல்லாரும் இப்போது வெள்ளைப் பல்புதான் மாட்டுகிறார்கள். உங்களுக்கும் போட்டுவிடட்டுமா, சார்?” என்றார் மெக்கானிக்.

இந்த ஆசைக்கு 1940-ல் அமெரிக்கர்கள் ஒரு பூட்டுப் போட்டார்கள். பல்பு, பிரதிபலிக்கும் கிண்ணம், கண்ணாடி மூன்றையும் சேர்த்து அடைத்த ஏழு அங்குல வட்ட விளக்குதான் எல்லாக் கார்களுக்கும். உள்ளே யாரும் கைவைக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பூட்டு நல்லதையும் வெளியே நிறுத்தியது. 1967-ல் பிரான்சின் சித்ரோவன் கம்பெனி, ஸ்டியரிங் திரும்பும் பக்கம் தானும் திரும்பும் விளக்கைத் தன் டி.எஸ். காரில் வைத்தது. அமெரிக்கச் சட்டம் அதை ஏற்கவில்லை. பல்பை மட்டும் மாற்றக்கூடிய விளக்குக்கே அங்கே 1983-ல்தான் அனுமதி கிடைத்தது.

பிரிட்டன் பரிசோதனையை நம்பியது. 1960-ல் பத்து வயதான கார்களின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் விளக்கையும் பார்க்கத் தொடங்கியது; 1967-ல் மூன்று வயதுக் கார்களும் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஹாலஜன் விளக்கில் எச்.ஐ.டி. பல்பைச் செருகிய கார் இன்று அங்கே தேறாது. ஒரு பல்புக்கென்று வளைத்த கிண்ணத்தில் வேறொன்றை வைத்தால் ஒளி சாலையில் விழாமல் சிதறி, எதிரே வருகிறவன் கண்ணில் விழும்.

மெக்கானிக்கிடம் வேண்டாம் என்றேன். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் யோசித்த பிறகுதான் சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.